அப்புச்சியின் துண்டும் யானையின் காலடியும்

காட்டுக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, அவர்கள் கையில் ஏதாவது ஒரு வேலையைக் கொடுத்துக் கூட்டிப் போங்கள் என்பதுதான். வேனில் ஜன்னலோரம் உட்கார வைத்து "புலி வரும் பாரு, புலி வரும் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அரை மணி நேரத்தில் பிள்ளைகள் சோர்ந்துவிடும். புலியும் வராது. செல்போனைக் கேட்டு அழ ஆரம்பிப்பார்கள். வேன்களில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அந்தப் பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

போன காலாண்டு விடுமுறைக்கு நாங்கள் முதுமலை போனோம். நான், வீட்டுக்காரர், ஆறாவது படிக்கும் மகள், இரண்டாவது படிக்கும் மகன், அப்புறம் கோபி பக்கம் தோட்டத்தில் மாடு வைத்திருக்கும் என் அப்பா. பிள்ளைகளுக்கு அவர் அப்புச்சி. மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளில்லை என்று எந்த ஊருக்கும் வரமாட்டார். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன பிறகுதான் கிளம்பினார். அவர் வராமல் இருந்திருந்தால் இந்தப் பயணம் பாதிதான் இருந்திருக்கும்.

நீலகிரிக்குப் போக இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் அங்கே தடை. அதனால் ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில். ஊட்டிக்கு மேலேறி, பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூர் இறங்கினோம். மகளுக்கு அன்றைய வேலை, மரம் மாறும் இடத்தையெல்லாம் நோட்டில் எழுதுவது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, முதுமலை ஏறக்குறைய 1,000 மீட்டர். தைலமரம், தேயிலை, அப்புறம் ஒரு வளைவு திரும்பியதும் மூங்கிலும் தேக்கும். காது அடைத்து அடைத்து விடுகிறது என்பதையும் சேர்த்து எழுதி வைத்திருந்தாள்.

அந்த நோட்டின் பலன் மறுநாள் தெரிந்தது. முதுமலைக் காட்டுக்குள் இருக்கும் தெப்பக்காட்டிலிருந்து கிழக்கே மசினகுடி எட்டு கிலோமீட்டர் சொச்சம்தான். மேற்கே கூடலூரை ஒட்டிய தொரப்பள்ளிப் பக்கம் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்த மரங்கள் இங்கே வரவரக் குட்டையாகின்றன. மசினகுடி தாண்டினால் முள்ளும் புதரும்தான். "ஏம்மா மரமெல்லாம் சின்னதாயிருச்சு?" என்று சின்னவன் கேட்டான். பெரியவள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மழை மறைவுப் பிரதேசம்!" என்று கத்தினாள். தேர்வுக்கு மனப்பாடம் செய்த வார்த்தை. தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கம் கொட்டித் தீர்த்துவிடுகிறது. கிழக்கு ஓரத்துக்கு வருவதற்குள் அதில் பாதிகூட மிஞ்சுவதில்லை. இதை வகுப்பில் படம் போட்டுத்தான் சொல்லித் தருகிறார்கள். அரை மணி நேரக் கார்ப் பயணத்தில் ஒரு குழந்தை தன் கண்ணாலேயே அதைப் பார்த்துவிட முடியும் என்பது எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

இடம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். முதுமலை 1940-இல் சரணாலயமானது, 2007-இல் புலிகள் காப்பகம். மாயாற்றைத் தாண்டினால் கர்நாடகத்தின் பந்திப்பூர், மேற்கே கேரளத்தின் வயநாடு, கிழக்கே நம் சத்தியமங்கலம். எல்லாமே ஒட்டிக் கிடக்கிற காடு. வனத்துறையின் வேன் தெப்பக்காட்டு வரவேற்பு மையத்திலிருந்து கிளம்புகிறது. காலையில் முதல் வேனைப் பிடித்துவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் விலங்குகள் நிழலுக்குப் போய்விடும்.

வேனில் ஏறும் முன் சின்னவனிடம் சொன்னேன்: "நீ எதையும் தேட வேண்டாம் சாமி. கண்ணுக்கு எது தெரிஞ்சாலும் அது எந்தப் பக்கம் பாக்குது, காது எப்படி வெச்சிருக்குது, அதை மட்டும் சொல்லு." முதலில் மயில், அப்புறம் காட்டுக்கோழி, ஓடைப் பக்கம் ஒரு காட்டுமாட்டுக் கூட்டம். காட்டுமாடு எங்களை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே அசை போட்டது. கால் நான்கும் முட்டி வரை வெள்ளை. "சாக்ஸ் போட்டிருக்குது" என்றான். அப்புச்சிக்கு அதன் திமில் பக்கத்துச் சதையைப் பார்த்து ஆச்சரியம் தீரவில்லை. "தீவனம் வெக்காமயே இப்படி ஒரு உடம்பு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஒரு திருப்பத்தில் பெரிய மரத்தின் கீழே புள்ளிமான் கூட்டம். மரத்து மேலே சாம்பல் மந்திகள். ஓட்டுநர் அண்ணன் வண்டியை மெதுவாக்கினார். "மந்தி தின்னது பாதி, கீழ போட்டது பாதி. அதான் மானு இங்கயே நிக்குது. மேல இருக்கறதுக்குத் தூரத்துல வர்றது தெரியும், கீழ இருக்கறதுக்கு மோப்பம் தெரியும். ரெண்டுக்கும் ஒண்ணால ஒண்ணுக்கு லாபம், பாப்பா" என்று பெரியவளிடம் சொன்னார்.

அவர் சொல்லி முடிக்கும் முன் மேலேயிருந்து வறட்டு இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. மந்திதான். அடுத்த நொடி மான்கள் அத்தனையும் தலையைத் தூக்கின. வால் நிமிர்ந்து அடிப்பக்கத்து வெள்ளை தெரிந்தது. முன்னால் நின்ற பெண்மான் ஒன்று முன்னங்காலைத் தூக்கித் தரையில் தட்டியது. வேனில் இருந்தவர்கள் எல்லாம் மானைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சின்னவன் என் காதோரம் வந்து, "அம்மா, எல்லா மானும் ஒரே பக்கம் பாக்குது" என்றான். ஓட்டுநர் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எஞ்சினை அணைத்தார். எல்லோரும் அவன் காட்டிய பக்கம் திரும்பினோம். உண்ணிச்செடிப் புதர், அதற்குப் பின்னால் மூங்கில். வேனுக்குள் யாருமே பேசவில்லை.

எதுவும் வெளியே வரவில்லை. மான்கள் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகத் தலையைத் தாழ்த்தி மேய ஆரம்பித்தன. "என்னண்ணா அது, புலியா?" என்று பெரியவள் கேட்டாள். "சிறுத்தையா இருக்கலாம், செந்நாயா இருக்கலாம், தெரியாது பாப்பா. புள்ளிமான் சும்மாவும் பயந்து கத்தும். கடமான் கத்துச்சுன்னா மட்டும் நம்பலாம். அது லேசுல கத்தாது" என்றார் அவர். எதையும் பார்க்காமல் நகர்ந்ததில் பின் இருக்கைக்காரர்களுக்கு வருத்தம். எங்கள் பையனுக்கு இல்லை. ஒரு மிருகம் அங்கே இருந்தது, அது இருக்கிற விஷயத்தை மான் அவனுக்குச் சொல்லியிருந்தது. ஈரோட்டுக்குத் திரும்பிய பிறகு, கொல்லையில் அணில் விடாமல் கத்தினால் போதும், எழுந்து போய்ப் பூனையைத் தேடுகிறான். பெரும்பாலும் அங்கே ஒரு பூனை இருக்கவும் செய்கிறது.

இப்போது துண்டு விஷயத்துக்கு வருகிறேன். தெப்பக்காடு யானைகள் முகாமுக்கு வெளியே ஒரு மண்பாதை. முந்தைய நாள் மழை பெய்திருந்ததால் முகாம் யானைகள் நடந்து போன தடம் அச்சு மாறாமல் இருந்தது. யானையின் முன்னங்காலடியின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். இதை வீட்டிலேயே மகளிடம் சொல்லி வைத்திருந்தேன். அவள் நம்பவில்லை. சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று அங்கே நின்ற வனக்காவலரிடம் கேட்டோம். "யானைங்க திரும்பி வர நேரமாகும், சீக்கிரம் பாத்துக்கங்க" என்றார்.

முன்னங்கால் எது, பின்னங்கால் எது என்பதில்தான் முதல் சண்டை. முன்னங்காலடி வட்டமாக இருக்கும், பின்னங்காலடி கொஞ்சம் நீள்வட்டம். நக அடையாளத்தை எண்ணிப் பார்த்துப் பெரியவள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். முன்னங்காலுக்கு ஐந்து நகம், பின்னங்காலுக்குப் பெரும்பாலும் நான்கு. அளக்க நூல் இல்லை. அப்புச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து முறுக்கி, குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, தடத்தின் விளிம்பை ஒட்டி வைத்துக்கொண்டே போனார். சுற்றி வந்து முட்டிய இடத்தில் மகள் விரலால் பிடித்துக்கொண்டாள். அப்புச்சி சாண் போட்டார். அவள் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து ஸ்கேலை எடுத்தாள். ஒரு மீட்டரும் கால் மீட்டரும். இரண்டால் பெருக்கினால் இரண்டரை மீட்டர், எட்டடிக்குக் கொஞ்சம் மேலே. "நம்ம மாட்டுக் கொட்டாய்க் கூரை உயரம் கண்ணு" என்று அப்புச்சி எழுந்து கையைத் தூக்கிக் காட்டினார். சின்னவன் அந்தக் கைக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தான்.

அப்போது அந்த வழியாக வந்த மாவுத்தர் ஒருவர் குனிந்து தடத்தைப் பார்த்துவிட்டு, அது எந்த யானை என்று பெயரோடு சொன்னார். பாதத்து வெடிப்பு ஒவ்வொரு யானைக்கும் ஒரு மாதிரி இருக்குமாம். "உயரம் எவ்வளவுங்க அண்ணா?" என்று மகள் கேட்க, "எட்டடி சொச்சம் இருக்கும்" என்றார். அவள் முகம் மலர்ந்ததை நான் சொல்லி விளக்க முடியாது. பை (π) மதிப்பு, சுற்றளவு, இதெல்லாம் எதுக்கும்மா என்று வீட்டுப் பாடத்தின்போது சலித்துக்கொள்ளும் பிள்ளை அது.

முகாமில் சாப்பாட்டு நேரத்துக்கு உள்ளே போனோம். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும். ராகிக் களி, கொள்ளு, சோறு, வெல்லம், உப்பு, தாது உப்புக் கலவை. ஒவ்வொரு யானைக்கும் மருத்துவர் சொல்லும் அளவில் தனித்தனியாக உருட்டி, கையாலேயே வாயில் வைக்கிறார்கள். அப்புச்சிக்கு ஒரு சந்தேகம்: "கொள்ளு ஊற வெச்சதுங்களா, வேக வெச்சதுங்களா?" வேக வைத்தது என்று பதில் வந்தது. அங்கிருந்து பேச்சு மாட்டுத் தீவனத்துக்குப் போய்விட்டது. மாவுத்தரும் அவரும் பத்து வருஷம் பழகியவர்கள் மாதிரிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாவுத்தருக்குத் துணையாக இருப்பவரைக் காவடி என்கிறார்கள். காவடியாக இருந்து பழகித்தான் மாவுத்தராக வர முடியும். தகப்பனைப் பார்த்துப் பிள்ளை கற்றுக்கொள்கிற வேலை. இவர்களில் பெரும்பாலோர் குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் என்று இந்தக் காட்டைச் சேர்ந்தவர்கள்.

சின்னவன் பெரிய கேள்வியைக் கேட்டுவிட்டான். "ஏண்ணா அதுக்குக் கால்ல சங்கிலி?" நான் பதில் சொல்லப் போகவில்லை. மாவுத்தரே சொல்லட்டும் என்று இருந்தேன். "ராத்திரி காட்டுக்குள்ள மேய விட்ருவோம் தம்பி. சங்கிலிய இழுத்துக்கிட்டே போகும். காலையில அந்தத் தடத்தப் பாத்துத் தேடிப் போய்க் கூட்டிட்டு வருவோம்." "அதுக்குப் பிடிக்குமா?" அவர் கொஞ்சம் யோசித்தார். "பிடிக்காதுதான்" என்றார். தாயில்லாமல் கிடைத்த குட்டிகள், ஊருக்குள் வந்து ஆளை அடித்ததால் பிடிக்கப்பட்டவை, முன்பு மரம் இழுத்தவை என்று இங்கே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கிறது என்றும் சொன்னார். பையன் அன்று இரவு வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தான். ஊருக்குள் வந்தது யானையா, காட்டுக்குள் போனது ஊரா என்று அவன் அக்காவுக்கும் அவனுக்கும் வாக்குவாதம். நாங்கள் குறுக்கே பேசவில்லை. இந்த மாதிரிக் கேள்விக்குச் சட்டென்று ஒரு பதிலைக் கொடுத்து மூடிவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

எங்கே தங்குவது என்பதிலும் பிள்ளைகளுக்குப் பாடம் இருக்கிறது. நாங்கள் கூடலூர் டவுனில் சாதாரண லாட்ஜில் தங்கினோம். மசினகுடி, பொக்காபுரம் பக்கம் காட்டை ஒட்டி அறைகள் இருக்கின்றன, படங்களில் அழகாகவும் இருக்கின்றன. ஆனால் அந்த ஊர்கள் இருக்கும் சீகூர் பீடபூமி யானைகள் நடக்கும் வழித்தடம். அந்த வழித்தடத்தை அறிவித்த தமிழ்நாடு அரசின் ஆணை சரிதான் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. யானையைப் பார்க்கப் போகிற நாமே அதன் வழியில் மின்வேலி போட்ட இடத்தில் படுத்துத் தூங்கினால், பிள்ளைகளிடம் என்ன பேசினாலும் எடுபடாது. தங்கும் இடம் வழித்தடத்துக்குள் வருகிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். வனத்துறையின் விடுதிகளும் இருக்கின்றன, முன்பதிவு செய்ய வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு மேல் காலை ஆறு வரை காட்டுச் சாலையில் போக்குவரத்து இல்லை. பந்திப்பூர்ப் பக்கம் இந்தத் தடை 2009-இல் வந்தது. ஏன் மூடுகிறார்கள் என்று கேட்ட சின்னவனிடம், இரவில் ரோடு மானுக்கும் யானைக்கும் உரியது என்றேன். அவனுக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

உண்ணிச்செடியைப் பற்றிக் கொஞ்சம். நம் ஊர் வேலியோரம் மஞ்சளும் ரோஸுமாகப் பூக்குமே, பூவைப் பிடுங்கித் தேன் உறிஞ்சுவோமே, அதேதான். வெள்ளைக்காரர்கள் காலத்தில் தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி. இன்று முதுமலையின் பெரும்பகுதியில் புதர் புதராகப் பரவிக் கிடக்கிறது. அதன் கீழே புல் முளைப்பதில்லை. புல் இல்லாவிட்டால் மானுக்கும் காட்டுமாட்டுக்கும் யானைக்கும் தீனி இல்லை. இதை வெட்டி, அதன் தண்டை வளைத்துக் கட்டி, நிஜ யானை அளவுக்கே யானைகள் செய்கிறார்கள் இங்குள்ள பெட்டக் குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் சமூகத்துக் கைவினைஞர்கள். 2021-இல் லண்டன் பூங்காக்களில் அந்த யானைகள் நின்றன. எங்கள் பிள்ளைகள் வழியெல்லாம் உண்ணிச்செடியையே எண்ணிக்கொண்டு வந்தார்கள். நூறு தாண்டியதும் விட்டுவிட்டார்கள்.

திரும்பும்போது கல்லட்டி வழியாக மேலேறினோம். வெளியூர் வண்டிகள் அந்த மலைப்பாதையில் இறங்க முடியாது, ஏறலாம். முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு. அதற்கு முன், மசினகுடி தாண்டிய இடத்தில் டீ குடிக்க நின்றபோது அப்புச்சி வானத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டார். உயரத்தில் மூன்று பறவைகள், சிறகை அசைக்காமல் வட்டமடித்துக்கொண்டிருந்தன. சிறகின் அடிப்பக்கம் முன்பாதி வெள்ளை, பின்பாதி கறுப்பு. "பாறு" என்றார் டீக்கடையில் நின்றவர். பிணந்தின்னிக் கழுகைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

அப்புச்சி பேரப்பிள்ளைகளிடம் சொன்னார்: "நான் உன்னாட்டம் இருக்கறப்ப ஊருக்கு வெளிய மாடு செத்துக் கெடந்தா இருபது முப்பது எறங்கும். ரெண்டு நாள்ல எலும்புதான் மிஞ்சும். அப்புறம் எங்க போச்சுன்னே தெரியல." அது எங்கே போனது என்று எனக்குத் தெரியும், ஆனால் அப்பாவிடம் அதுவரை சொன்னதில்லை. மாட்டுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்துதான் காரணம். மருந்து போட்ட கொஞ்ச நாளில் மாடு செத்தால், அந்தக் கறியைத் தின்னும் பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிடும். கால்நடைகளுக்கு இந்த மருந்தை 2006-இல் தடை செய்தார்கள். மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015-இல் அந்தப் பெரிய குப்பிகளையும் தடை செய்தார்கள். அதற்குள் நாடு முழுக்கப் பாறுகள் அழிவின் விளிம்புக்குப் போய்விட்டன. தமிழ்நாட்டில் இன்று அவை கூடு கட்டுவது பெரும்பாலும் இந்த மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான், ஓடையோர நீர்மருது மரங்களின் உச்சியில். அப்பா ஒன்றும் பேசவில்லை. டீ ஆறிப்போனது. "நம்ம செவலைக்கும் அந்த ஊசிதான் போட்டாங்களோ என்னமோ" என்றார் காரில் ஏறும்போது.

மகள் இதை விடவில்லை. ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்து, அப்புச்சி வீட்டு மாட்டுக்கு மடிவீக்கம் என்று போன் வந்தது. இவள்தான் போனை வாங்கினாள். "அப்புச்சி, டாக்டர் வந்தா மருந்துப் பேரைக் கேளுங்க. மெலாக்சிகாம்னு சொன்னாப் போட விடுங்க. அது பாறுகளைக் கொல்லாது." அவர் மருத்துவரிடம் அப்படியே கேட்டிருக்கிறார். மருத்துவரும் அதைத்தான் எடுத்து வந்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புட்டியில் இருந்த எழுத்தை ஒவ்வொன்றாகப் பேத்திக்குப் படித்துக் காட்டினார். மாடு தேறிவிட்டது.

மாடு வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த முறை ஊசி போடும்போது மருந்தின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் போன்றவையும் பாறுகளுக்கு விஷம்தான். மெலாக்சிகாம் கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அப்புறம், முதுமலை போகிறவர்கள் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை காட்டுத்தீ அபாயத்தால் சஃபாரி நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பிள்ளைகளுக்கு ஒரு நோட்டு, ஒரு ஸ்கேல். வீட்டில் மாடு கன்று மேய்த்த பெரியவர் யாராவது இருந்தால், கெஞ்சியாவது அவரையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.